மழையில் ஒரு மலையேற்றம்

மலைப்பாதையில் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போகிறவருக்கு டிக்கெட் தேவையில்லை, பொறுமை தேவை. முதல் நாளே போய் சாலையோரம் இடம்பிடித்து, குளிரில் தூங்கி எழுந்து காத்துக் கிடந்தால் வீரர்கள் கடந்துபோவது சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1998 ஜூலை 27 அன்று ஆல்ப்ஸ் மலையின் காலிபியே கணவாயில் நின்றவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் ஆயுசுக்கும் போதுமானவை.

டூர் டி பிரான்ஸின் 15ஆவது கட்டம். கிரனோபிளிலிருந்து லெ தே ஆல்ப் வரை 189 கி.மீ. முதலிடத்துக்கான மஞ்சள் பனியன் ஜெர்மனியின் யான் உல்ரிச்சிடம். முந்தைய ஆண்டின் சாம்பியன், வயது 24. இத்தாலியின் மார்கோ பந்தானி 3 நிமிடம் 1 விநாடி பின்தங்கியிருந்தார். மொட்டைத் தலையில் துணி கட்டும் இந்த ஒல்லி மனிதருக்கு 'கடற்கொள்ளையன்' என்று பட்டப்பெயர். 1995இல் பந்தயத்தின் நடுவே கார் மோதிக் கால் முறிந்து, மீண்டு வந்தவர்.

கொட்டும் மழை. உச்சிக்குச் சில கி.மீ. இருக்கையில் பந்தானி இருக்கையை விட்டு எழுந்து மிதித்தார். உல்ரிச்சால் தொடர முடியவில்லை. முடிவுக்கோடு இன்னும் கிட்டத்தட்ட 48 கி.மீ. தள்ளி. அத்தனை தூரம் முன்பே பாய்வது பைத்தியக்காரத்தனம் என்பது விவரமறிந்தவர்களின் கணக்கு. ரசிகர்களுக்கு ஏது கணக்கு? தொண்டை கிழியக் கத்தினார்கள். டிவி முன் இருந்தவர்கள் மட்டும் கூட்டிக் கழித்தபடி இருந்தார்கள்: இடைவெளி 3 நிமிடத்தைத் தாண்டுமா? தாண்டியது. கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் உல்ரிச்சின் டயர் பஞ்சர். அவர் வந்து சேர்ந்தபோது 8 நிமிடம் 57 விநாடி தாமதம். மஞ்சள் பனியன் கைமாறியது.

மறுநாளே மாதலேன் ஏற்றத்தில் உல்ரிச் திருப்பித் தாக்கி அந்தக் கட்டத்தை வென்றார். பந்தானி அவர் பின்சக்கரத்தை விடவில்லை. பாரிஸில் பட்டம் பந்தானிக்கு.

அது ஊக்கமருந்தால் நாறிப்போன ஆண்டு. ஃபெஸ்டினா அணி வெளியேற்றப்பட்டது, ஹோட்டல் அறைகளில் போலீஸ் சோதனை நடந்தது. நம்புவதற்கு ஒருவர் தேவைப்பட்டபோதுதான் பந்தானி கிடைத்தார். 1999இல் ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு விகிதம் வரம்பை மீறியதால், இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் முன்னிலையில் இருந்தபோதே அவரை வெளியேற்றினார்கள். 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினி நகர ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். வயது 34. 1998ஆம் ஆண்டு மாதிரிகளில் ஈ.பி.ஓ. மருந்து இருந்ததாக 2013இல் பிரெஞ்சு செனட் வெளியிட்ட பட்டியலில் அவர் பெயரும் இருந்தது, உல்ரிச் பெயரும் இருந்தது.

எல்லோரும்தானே ஊசி போட்டார்கள், ஆகவே போட்டி சமம்தான் என்பது ரசிகர் தரப்பு வாதம். கேட்க ஆறுதலாக இருக்கிறது, ஆனால் நிற்காது. சிவப்பணு விகிதத்துக்கு 50 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தால், இயற்கையில் 40 உள்ளவருக்குக் கிடைக்கும் லாபம் 47 உள்ளவருக்குக் கிடைக்காது. மருந்தில்லாமல் ஏறியவர்களோ கணக்கிலேயே இல்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்த வீடியோவை ரசிகர்கள் போட்டுப் பார்க்கிறார்கள். காலிபியே ஏற்றத்தில் பந்தானிக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. சைக்கிளில் ஏறி வருபவர்கள் அங்கே நின்று, மூச்சு வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, மேலே மிதிக்கிறார்கள்.