பத்தாவது மனிதர்

மும்பையில் இரு ஓய்வுநாள்களில் இரண்டு ஜெப ஆலயங்களுக்குச் சென்றிருந்தேன். ஒன்று, பாக்தாத் யூதரான சசூன் குடும்பத்தார் 1884இல் கட்டிய கெனெசெத் எலியாகூ. மற்றொன்று, பெனே இஸ்ரவேலர் 1796இல் நிறுவிய ஷார் ஹரகமீம். பத்து ஆண்கள் கூடாவிடில் அங்கே தோராச் சுருளைத் திறந்து வாசிப்பதில்லை. எண்ணிக்கையில் சிறுத்துப்போன சமூகம் அது. ஆகையால் வாசலில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் தலைகள் திரும்பின.

பெண்கள் அக்கணக்கில் சேராதது எனக்கு உவப்பன்று. ஆயினும் நாமோ, இரண்டு மூன்று பேர் கூடினாலும் நடுவிலிருப்பேன் என்ற ஆண்டவரின் வாக்குத்தத்தத்தை, வராமலிருப்பதற்குச் சாக்காக்கிக்கொண்டோம். கடந்த ஞாயிறு முதற்பாடலின்போது நம் ஆலயத்தில் பாதி இருக்கைகள் வெறுமையாயிருந்தன. ஒருவரும் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.