ஊருக்குத் திரும்பாத படங்கள்

கேப்டன் லினியஸ் ட்ரைப் எடுத்த ஒளிப்படங்களின் மீள்பார்வைக் கண்காட்சி 2014 செப்டம்பரில் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் தொடங்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கும், ஜூனில் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும் போய் அக்டோபரில் நிறைவுற்றது. 1852 முதல் 1860 வரை அவர் எடுத்தவற்றில் தேர்ந்த படங்கள் மூன்று நகரங்களிலும் சுவரேறின. ஒளிப்பட வரலாற்றாளர் ரோஜர் டெய்லரும், நாயக்கர் காலக் கோயில் கட்டடங்களை ஆய்ந்த கிறிஸ்பின் பிரான்ஃபுட்டும் சேர்ந்து எழுதிய பெரிய நூலும் கூடவே வந்தது. ஹளேபீடு, பேலூர், பர்மா, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம் என்று ட்ரைப் கேமராவை நிறுத்திய ஊர்களில் ஒன்றுகூட அந்தக் கண்காட்சியின் பயணத்தில் இடம்பெறவில்லை.

ட்ரைப் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். ஒளிப்படக் கலையை அவர் கற்றது 1850களின் தொடக்கத்தில், நீண்ட விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது. திரும்பி வந்ததும் 1854 டிசம்பரில் ஹளேபீட்டையும் பேலூரையும் படமெடுத்தார். 1855இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பர்மிய அரசவைக்கு அனுப்பிய தூதுக்குழுவில் அவர் அதிகாரபூர்வ ஒளிப்படக்காரர். மறு ஆண்டு சென்னை அரசாங்கம் அவரைத் தன் ஒளிப்படக்காரராக அமர்த்தியது. பழைய கட்டடங்கள் சிதைந்துபோவதற்கு முன் அவற்றைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பதே அந்தப் பதவிக்குச் சொல்லப்பட்ட காரணம். ஆள்பவரின் கணக்கெடுப்பும் அதற்குள் இருந்தது. கோட்டை, குன்று, கோயில், குளம் எல்லாம் ஒரே ஏட்டில் ஏறின.

1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்கியிருக்கவில்லை. திருச்சிக்கு ரயில் வரவும் சில ஆண்டுகள் இருந்தன. கேமரா, தாங்கி, ரசாயனக் குப்பிகள், காகிதக் கட்டு எல்லாம் மாட்டுவண்டியில் வந்தன. சேலம் மாவட்டம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றி 1858 ஏப்ரல் இறுதியில் சென்னை சேர்ந்தார். நாலரை மாதப் பயணம். அதிலிருந்து ஊர்வாரியாகப் பல தொகுதிகள் உருவாயின. திருச்சிக்கு ஒன்று, ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று. இரண்டும் 1858 என்ற ஆண்டைத் தாங்கியவை. மண்டபம் என்ற சொல் அவர் தலைப்புகளில் 'முண்டுப்பம்' ஆகியிருக்கிறது. ஸ்ரீரங்கம் 'செரிங்கம்', புதுக்கோட்டை 'பூடூகோட்டா'. ஊர்க்காரர் வாயிலிருந்து கேட்டதை அந்தக் காது அப்படித்தான் எழுதிக்கொண்டது.

அவர் வேலை செய்த முறையைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் படங்களைப் பார்ப்பது அரைப் பார்வைதான். கண்ணாடித் தகட்டில் ஈரம் காயுமுன் படமெடுக்கும் முறை அப்போதே வந்துவிட்டது. அதற்குத் தகட்டுக்கு ரசாயனம் பூசவும் கழுவவும் அந்த இடத்திலேயே இருட்டறை வேண்டும். நம் வெயிலில், வண்டிப் பயணத்தில், அது பெரும்பாடு. ட்ரைப் மெழுகுக் காகிதத்தை நம்பினார். நல்ல காகிதத்தில் மெழுகை உருக்கி ஊறவைத்தால் அது எண்ணெய் பட்ட தாள்போல ஒளி கசியும். அதன்மேல் அயோடைடு ஏற்றி, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து உலர்த்தினால், ஒளிக்குக் கூசும் தாள் தயார். அதை முன்கூட்டியே செய்து எடுத்துப் போகலாம். அவருடைய தாள் ஏறத்தாழ 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். பெரிதாக்கி அச்சிடும் வசதி இல்லாத காலம் என்பதால் தாள் எவ்வளவோ படமும் அவ்வளவே. கேமராவும் அந்த அளவுக்குப் பெரிய பெட்டி.

இதற்கு விலை நேரம். ஒரு படத்துக்கு லென்ஸ் மூடியைத் திறந்து நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நிமிடங்களில் நடந்துபோனவர், வண்டி ஓட்டிப்போனவர், குடத்தோடு வந்தவர் யாரும் தாளில் பதியவில்லை. ட்ரைப்பின் படங்களில் வீதிகளும் மண்டபங்களும் வெறிச்சோடிக் கிடப்பது இதனால்தான். அதைப் பார்த்துப் பாழடைந்த கோயில், ஆளற்ற ஊர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆறு கால பூஜையும் திருவீதிப் புறப்பாடும் நின்றுபோகாத ஸ்ரீரங்கத்தில் கல் மட்டும் அசையாமல் நின்றது; கல் மட்டும் படத்தில் விழுந்தது. வெள்ளைக்காரர் கண்ணுக்கு எட்டாத இடங்களும் அங்கே உண்டு. உட்பிரகாரங்களுக்குள் அவர் போக வழியில்லை. ஆகவே அந்தத் தொகுதி வெளிப்பக்கத்து ஸ்ரீரங்கம்.

இன்னொரு விஷயம் அவருடைய வானம். அக்கால ரசாயனம் நீல நிறத்துக்கு மிகையாகக் கூசும். கோபுரம் சரியாகப் பதியும்போது வானம் வெளிறித் திட்டுத்திட்டாகிவிடும். ட்ரைப் நெகட்டிவ் தாளையே எடுத்துத் தூரிகையால் அதன்மேல் வண்ணம் தீட்டினார். பர்மாப் படங்கள் சிலவற்றில் மிதக்கும் மேகங்கள் அவர் கையால் போட்டவை. கட்டடத்தின் ஒவ்வொரு கல்லையும் துல்லியமாகக் காட்ட வேண்டும் என்று பாடுபட்டவர், மேகத்தை மட்டும் தன் விருப்பத்துக்கு வரைந்தார். இரண்டும் ஒரே தாளில் இருப்பதுதான் அவரை வெறும் அரசாங்கப் பதிவாளர் நிலையிலிருந்து உயர்த்துகிறது.

அந்தக் கேமரா வந்த ஆண்டில் திருச்சி எப்படி இருந்தது? மலை அதே மலை. ஏறத்தாழ 83 மீட்டர் உயரப் பாறை, இடையில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். அதைச் சுற்றிக் கோட்டை மதில் அப்போது இருந்தது. பிற்காலத்தில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, அந்த இடத்தில் சாலை போட்டார்கள். மெயின் கார்டு கேட் மட்டும் மிஞ்சியது. இன்று தெப்பக்குளத்தருகே நிற்பவர் கண்ணில் முதலில் படும் லூர்து மாதா ஆலயத்தின் ஊசிக்கோபுரம் அன்று கிடையாது. அது எழத் தொடங்கியது 1890இல். புனித வளனார் கல்லூரியும் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. திருச்சிக்கு வந்தது 1883இல். இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு மலையையும் குளத்தையும் மட்டும் கற்பனை செய்வது தினமும் அந்த வழியாகச் சத்திரம் பேருந்து நிலையம் போகிறவருக்குக்கூட எளிதல்ல. மலையை மையமாக வைத்த ட்ரைப்பின் திருச்சித் தொகுதி அந்தக் கற்பனைக்குப் பிடிமானம் தருகிறது.

ஸ்ரீரங்கத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. தெற்கு வாசலில் இன்று 13 நிலைகளோடு 236 அடி உயரத்தில் நிற்கும் ராஜகோபுரத்துக்கு 1987 மார்ச் 25 அன்று சம்ப்ரோக்ஷணம் நடந்தது. அஹோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயர் முன்னின்று முடித்த திருப்பணி அது. அதற்கு முன் அங்கே இருந்தது கல் அடித்தளம் மட்டுமே. ராயர் காலத்தில் தொடங்கிப் பாதியில் நின்றதால் ராய கோபுரம் என்றும், தலை இல்லாததால் மொட்டைக் கோபுரம் என்றும் பெயர். ட்ரைப் ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது தெற்கே அந்த மொட்டைக் கோபுரம்தான். இன்று நாற்பது வயதுக்குக் கீழே உள்ள ஸ்ரீரங்கத்தார் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பெரியவர்கள் பேச்சில் மட்டும் அந்தப் பெயர் இன்னும் வருகிறது. தம் ஊரின் பழைய முகத்தை வீட்டுப் பாட்டி வாய்ச்சொல்லிலிருந்து ஊகித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு 1858ஆம் ஆண்டின் ஒளிப்படங்கள் உலகில் எங்கோ பத்திரமாக இருக்கின்றன என்ற செய்தியே போய்ச் சேரவில்லை. வருந்த வேண்டியது இதற்குத்தான்.

இந்தப் படங்களின் பயன் நினைவோடு முடிவதும் இல்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் 2015ஆம் ஆண்டுச் சம்ப்ரோக்ஷணத்தை ஒட்டி நடந்த சீரமைப்புக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது 2017இல் கிடைத்தது. பிற்காலத்தில் எழுந்த இடைச்சுவர்களையும் அடைப்புகளையும் நீக்குவது இத்தகைய பணியில் பெரும்பங்கு. எது மூலக் கட்டுமானம், எது பின்னால் ஒட்டியது என்று தீர்மானிக்கப் பழைய படத்தைவிட நேரான சாட்சி கிடையாது. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே 1858இல் வெளிச்சம் புகுந்ததா, சுவர் நின்றதா என்பதை நல்ல நெகட்டிவிலிருந்து எடுத்த அச்சு சொல்லிவிடும்.

அந்தப் பயணத்தின் உச்சம் தஞ்சாவூரில் நிகழ்ந்தது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் தொடர்ச்சியாகப் படமெடுக்க ட்ரைப் முடிவு செய்தார். கேமராவைச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, ஒரு தாள் எடுத்ததும் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி நிறுத்தி, மறுபடி நகர்த்தி, 21 நெகட்டிவ்கள் எடுத்தார். அவற்றின் அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டியபோது சுமார் 19 அடி நீளச் சுருள் உருவானது. ஒவ்வொரு முறையும் வெயில் மாறியிருக்கும், நிழல் நகர்ந்திருக்கும். ஒட்டிய இடங்களில் எழுத்து வரி பிசகாமல் தொடர வேண்டும். அந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக அச்சேற்றத் தொடங்கியது 1891இல். ராஜராஜனின் ஆணைகளில் என்ன இருக்கிறது என்று ஆய்வுலகம் படித்தறிவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக, அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவர், அதை ஒரு வரி விடாமல் பதிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஒளிப்பட வரலாற்றில் அந்தச் சுருளுக்குத் தனி இடம் உண்டு. தமிழ்க் கல்வெட்டியல் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் தரலாம். நம் நூல்கள் இன்னும் தரவில்லை.

முயற்சி நீடிக்கவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் கணக்கைப் பார்த்தார். ஒளிப்படப் பிரிவு அரசாங்கத்துக்குத் தேவையற்ற ஆடம்பரம் என்று முடிவு செய்து மூடச் சொன்னார். 1860இல் எல்லாம் கலைந்தது. ட்ரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் கேமராவை அவர் அரிதாகவே தொட்டார். 1902இல் பிறந்த ஊரிலேயே இறந்தார். பத்தாண்டு முடிவதற்குள் அதே சென்னை அரசாங்கம் எட்மண்ட் லயன் என்ற முன்னாள் ராணுவ அதிகாரியை அமர்த்தி, திருச்சி, ஸ்ரீரங்கம் உள்ளிட்ட அதே கோயில்களை மறுபடி படமெடுக்க வைத்தது.

எடுத்தவர் அயலார், எடுக்கச் சொன்னது ஆட்சி, போய்ச் சேர்ந்தது கடலுக்கு அப்பால். அதனால் படங்கள் நமக்கு உரியவை இல்லை என்று ஆகிவிடாது. படம் யாருக்கு உரியது என்ற கேள்வியை இன்னொரு நாட்டில் ஓர் ஒளிப்படக்காரர் தம் வாழ்நாளிலேயே எதிர்கொண்டார். ஷோமெய் தோமாட்சு, போருக்குப் பிந்திய ஜப்பானிய ஒளிப்படக் கலையின் முதன்மையான பெயர்களில் ஒன்று. 1930இல் நகோயாவில் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் நாகசாகியில் அணுகுண்டிலிருந்து தப்பியவர்களைப் படமெடுக்கத் தொடங்கினார். குண்டு விழுந்த 11:02 மணியில் நின்றுபோன கைக்கடிகாரமும், வெப்பத்தில் உருகி நெளிந்து தோலுரித்த உடல்போலத் தோன்றும் பீர் பாட்டிலும் அவர் எடுத்த படங்கள். 1966இல் வந்த அவருடைய நாகசாகி நூலின் தலைப்பே அந்த நேரம்தான்.

உலகம் அவரைக் கொண்டாடிய வயதில் தோமாட்சு தம் மீள்பார்வைக் கண்காட்சியைப் பல துண்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் மண்டலம் என்ற பொருளில் பெயர் வைத்து, படம் எந்த மண்ணில் பிறந்ததோ அங்கேயே தொங்கவிட்டார். 2000இல் நாகசாகி மண்டலம், 2002இல் ஒகினாவா, 2003இல் கியோட்டோ, 2006இல் பிறந்த மாகாணமான ஐச்சி, 2007இல் டோக்கியோ. நாகசாகிக்கே குடிபெயர்ந்து அங்கே வாழவும் செய்தார். கடைசியில் ஒகினாவாவில் 2012இல் காலமானார். படத்தில் இருப்பவரும் அவர் பிள்ளைகளும் நடந்து வந்து பார்க்கக்கூடிய தூரத்தில் படம் இருக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் பொருள். தலைநகரத்துப் பார்வையாளர் ஒளியையும் அமைப்பையும் பார்ப்பார். உள்ளூர்க்காரர் தம் தெருவைப் பார்ப்பார், தவறாக எழுதிய பெயரைத் திருத்துவார், விடுபட்ட ஆளைச் சொல்வார்.

ட்ரைப் விஷயத்தில் அந்தத் திருத்தம் இன்னும் நடக்கவில்லை. 'முண்டுப்பம்' என்று பொதுவாகக் குறித்த மண்டபம் எந்த வீதியில், எந்த உற்சவத்தில் நம்பெருமாள் எழுந்தருளும் மண்டபம் என்பதை ஸ்ரீரங்கத்தில் பரம்பரைக் கைங்கர்யக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். உத்தர வீதியில் பிறந்து வளர்ந்தவருக்கு எந்தக் கோபுரம் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதில் குழப்பம் வராது. இப்படிப்பட்ட நினைவு எந்த அருங்காட்சியகத்திலும் கிடையாது. அதைச் சுமப்பவர்களின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் குறைகிறது.

மூலப் படங்களைக் கொண்டுவருவது எளிதல்ல என்பது உண்மை. 1858ஆம் ஆண்டின் அச்சுகள் வெளிச்சத்தில் மங்கும். சில மாதம் மங்கலான விளக்கில் காட்டிவிட்டுப் பல ஆண்டுகள் இருட்டில் ஓய்வு கொடுப்பதே உலக வழக்கம். ஆனால் தொகுதிகள் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உள்ளன. பல படங்களை இணையத்திலேயே பார்க்கலாம். மூல அளவில், நல்ல தாளில், தரமான நகல்கள் எடுக்கத் தேவையான தொழில்நுட்பம் சென்னையிலேயே உண்டு. மலையடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மகாலில் இயங்கும் திருச்சி அரசு அருங்காட்சியகம் திருச்சித் தொகுதிக்குப் பொருத்தமான இடம். பார்த்து முடித்து வெளியே வந்தால் படத்திலிருந்த பாறை தலைக்கு மேலே நிற்கும். நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களைக் காத்துவரும் ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் ஸ்ரீரங்கத் தொகுதி இடம்பெறலாம். தஞ்சைச் சுருளுக்கு மட்டும் 19 அடிச் சுவர் ஒன்று தடையில்லாமல் வேண்டும்; தஞ்சாவூர் அரண்மனைக் கூடங்களில் அத்தகைய சுவருக்குப் பஞ்சமில்லை.