வானத்து மணியும் வீதியின் மணியும்

புளியங்குளத்தைக் கடந்து சென்ற பழைய பயணிகளுக்கு ஒரு விந்தை நினைவிருக்கும். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின், ஓமந்தையில் அரசின் சாவடியைத் தாண்டி வடக்கே வந்தவர், புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சாவடியை அடைந்ததும் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார். 1996 இல் வரட்சியால் மின்சாரம் குன்றியபோது, அரசு மே மாதத்தில் நாட்டின் மணியை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபரில் அதிற் பாதியை மீளக் குறைத்தது. புலிகளின் ஆட்சியிலிருந்த வன்னி இம்மாற்றங்களை ஏற்கவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பே பழைய மணிக்குத் திரும்பிவிட்டது!

செய்மதிக்கு இவ்வழக்கெல்லாம் தெரியாது. இருபதினாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரத்திற் சுற்றும் ஜீ.பி.எஸ். செய்மதி, தன் அணுக்கடிகாரத்தின் மணியையே ஒலிபரப்புகிறது. ஐந்தரை மணித்தியாலம் கூட்டுவதா, ஆறு கூட்டுவதா என்று தீர்மானிப்பவர் மனிதரே. அம்மணி 1980 ஜனவரி 6 முதல் இடையறாது ஓடுகிறது. உலகப் பொதுமணியிலோ பூமியின் சுழற்சிக்கிசைய இடைக்கிடை ஒரு செக்கன் சேர்க்கப்பட்டமையால், 2017 முதல் செய்மதி மணி 18 செக்கன் முந்தி நிற்கிறது. இத்திருத்தத்தையும் செய்மதி அறிவிக்கிறது. ஆயின் அறிவிப்பு முழுவதையும் கேட்டு முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் செல்லும். நெடுநாள் உறங்கிய கருவியை முடுக்கியவுடன் அதன் செக்கனை நாம் நம்புதல் நன்றன்று.

வானிலிருந்து அலை வந்துசேரச் செக்கனிற் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். அதைக் கருவி கணக்கிட்டுக் கழித்துவிடும். தொல்லை தருவது கடைசி முழந்தான். கருவி மணியை எழுத்தெழுத்தாகக் கணினிக்கு அனுப்புகிறது. வழக்கமான வேகம் செக்கனுக்கு 960 எழுத்து. எழுபது எழுத்துள்ள ஒரு வரி சென்று சேர்வதற்குள் செக்கனிற் பதினான்கில் ஒரு பங்கு கழிந்துவிடும். வரி புறப்படும் நேரமும் நிலையாய் இராது. தபாலில் வந்த கடிதத்தில் 'இப்போது மணி எட்டு' என்றிருந்தால் நாம் என் செய்வோம்? ஆகவே நல்ல கருவிகளில், செக்கன் பிறக்கும் கணத்தில் தனிக் கம்பியில் ஒரு மின்துடிப்பு வரும். எந்தச் செக்கன் என்பதை எழுத்துச் சொல்லும். எக்கணம் என்பதைத் துடிப்புச் சொல்லும்.

இத்துணை நுட்பம் எதற்கு என்று மாணவர் கேட்கலாம். உயரழுத்த மின்கம்பியில் மின்னல் தாக்கினால், அதன் அதிர்வலை இரு முனைகளையும் அடைந்த கணங்களை ஒப்பிட்டுப் பழுதான இடத்தைக் கணிக்கும் முறை உண்டு. ஒரு முனையின் கடிகாரம் செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், கணித்த இடம் ஏறக்குறைய 150 மீற்றர் தள்ளிப்போகும். காட்டினூடே கம்பியைப் பார்த்து நடக்கும் தொழிலாளிக்கு அது சிறு தூரமன்று.