மூன்று டாக்டர், மூன்று கருத்து

ஓசூர்க்காரர்களுக்கு வைத்தியத்தில் ஒரு வசதி உண்டு. உள்ளூரில் காட்டலாம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, சேலம், வேலூர். எலும்பு முறிந்தால் ஆந்திராவுக்குப் போய்ப் புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் நம்மில் உண்டு. வசதியோடு ஒரு சங்கடமும் சேர்ந்தே வருகிறது. மூன்று இடத்தில் காட்டினால் மூன்று விதமாகச் சொல்வார்கள். முதுகு டிஸ்க் விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

என் சம்பந்தியின் அனுபவத்தைச் சொல்கிறேன், அவர் அனுமதியோடுதான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம் குனிந்து நிமிர்ந்தவர். வயது 62. இடுப்பிலிருந்து இடது கால் வரை சுண்டி இழுக்கும் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கீழ் முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கியிருந்தது. உள்ளூர் டாக்டர், "ஆறு வாரம் மாத்திரை, பிசியோதெரபி. அப்புறம் பார்க்கலாம்" என்றார். பெங்களூரில் ஒருவர், "செயற்கை டிஸ்க் வைத்துவிடலாம்" என்றார். மூன்றாமவர், "உங்களுக்குச் செயற்கை டிஸ்க் சரிப்படாது. ஆபரேஷன் தேவைப்பட்டாலும் நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுத்தால் போதும்" என்றார். வீட்டில் உடனே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. மகனுக்குப் பெங்களூர் டாக்டர், சம்பந்தியம்மாவுக்கு உள்ளூர் டாக்டர்.

இந்த மாதிரி நேரத்தில் நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு. ஒன்று, ஓட்டு எண்ணுவது. இரண்டு பேர் சொன்னால் சரி, ஒருவர் சொன்னால் தப்பு. இன்னொன்று, "எல்லாம் காசுக்காகத்தான்" என்று முடித்துவிடுவது. இரண்டும் உதவாது என்பது என் கருத்து. டாக்டர்கள் எந்த இடத்தில் வேறுபடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதல் வேறுபாடு, ஸ்கேனை எவ்வளவு நம்புவது என்பதில். 1994ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களில் 64 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்கில் கோளாறு தெரிந்தது. ஆகவே படத்தில் தெரிவதே வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வலி ஓடும் பாதையும் படத்தில் அழுந்தியிருக்கும் நரம்பும் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு நாள் பொறுப்பது என்பதில். நார்வேயில் டிஸ்க் பிதுங்கிய நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆபரேஷன் செய்து, 10 வருஷம் கவனித்தார்கள். அந்த ஆய்வு 1983ல் வெளியானது. முதல் வருஷத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். நாலாவது வருஷத்தில் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதாவது, ஆபரேஷன் சீக்கிரம் நிம்மதி தருகிறது. பொறுத்தவர்களில் பலரும் மெதுவாகத் தேறுகிறார்கள். வேலைக்குப் போக வேண்டிய 35 வயதுக்காரருக்கும், வீட்டிலிருக்கும் 65 வயதுக்காரருக்கும் இதில் ஒரே பதில் இருக்க முடியாது.

மூன்றாவது, எந்த ஆபரேஷன் என்பதில். நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். செயற்கை டிஸ்க் ஏமாற்று வேலை அல்ல. 1980களில் கிழக்கு பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் அதை உருவாக்கியவர்களில் ஒருவர் காரின் பூட்னர்-யான்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வாங்கி, பிறகு எலும்பு டாக்டரானவர். அந்த டிஸ்குக்கு அமெரிக்காவில் 2004ல் அனுமதி கிடைத்தது. ஆனால் அனுமதிக்காக நடந்த சோதனையில் சேர்த்துக்கொண்டது 18 முதல் 60 வயது வரை உள்ளவர்களை மட்டுமே. செயற்கை டிஸ்க் அசையக்கூடியது. அதைத் தாங்க எலும்பு கெட்டியாக இருக்க வேண்டும், முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகளும் தேயாமல் இருக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய நம்மில் எத்தனை பேருக்கு இரண்டும் சரியாக இருக்கும்? சம்பந்திக்கு எலும்பு அடர்த்தி குறைவு, மூட்டுகளும் தேய்ந்திருந்தன. மூன்றாமவர் மறுத்ததன் காரணம் அதுதான். "வேண்டாம்" என்றதோடு நிற்காமல் ஏன் வேண்டாம் என்றும் சொன்னார் பாருங்கள், அந்தக் காரணத்துக்குத்தான் மதிப்பு.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொன்னால், பெரும்பாலும் நமக்கு யோசிக்க நேரம் இருக்கிறது என்று அர்த்தம். உண்மையான அவசரத்தில் அவர்கள் இப்படிப் பிரிந்து பேசுவதில்லை. எங்கள் தெருக்காரர் ஒருவருக்குத் திடீரென்று பாதம் தொங்கிப்போய், சிறுநீரும் அடைத்துக்கொண்டது. தாமதிக்காமல் ஆபரேஷன் செய்தார்கள். இன்று கைத்தடியோடு நடக்கிறார். கால் பலம் குறைவது, மலஜலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடை இடுக்கு மரத்துப்போவது இவற்றில் எது வந்தாலும் இன்னொரு கருத்துத் தேடி அலையக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி எல்லா டாக்டரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். என் வலிக்கு இந்த டிஸ்க்தான் காரணமா? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? என் வயதில், என் எலும்புக்கு இது பொருந்துமா? இதைவிடச் சின்ன வைத்தியம் உண்டா? இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மாற்று வழிகளையும், முக்கியமான ஆபத்துகளையும், சிகிச்சையை மறுத்தால் வரும் விளைவையும் நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நம் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷத்து விதி. எல்லை தாண்டிப் போகிறவர்கள், கையிலுள்ள காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

சம்பந்தி ஆறு வாரம் பொறுத்தார். வலி பாதிக்கு மேல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மறுபடி அதிகமானால் மூன்றாமவரிடம் போவதாக இருக்கிறார். இதனால் ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் பணம் கட்டலாம், கார் ஓட்டலாம், டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசலாம். ஆனால் முதுகு நம்முடையது. காரணம் நமக்கு விளங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.