விலைக்கு அஞ்சி நுட்பத்தை விலக்குவதா?

"புதிய வேளாண் கருவிகள் செல்வ நாடுகளுக்கே உரியவை, வளரும் நாடுகளின் ஏழை உழவர்க்கு அவை எட்டாக்கனி" என்னும் பேச்சு நெடுநாளாக நம்மிடை வழங்கி வருகின்றது. கேட்பதற்கு அஃது உழவர்பால் இரக்கங் கொண்ட பேச்சுப்போல் தோன்றும். ஆனால் அதன் விளைவு யாது? வல்லவன் கருவியை வாங்கிக் கொள்கின்றான்; எளியவன் பழைய வாய்க்காலோடு நின்றுவிடுகின்றான். இரக்கத்தின் பெயரால் எளியவனைப் பின்னிறுத்தும் இப்பேச்சை நாம் ஆய்ந்து பார்த்தல் வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்தையே சான்றாக எடுத்துக் கொள்வோம்.

வாய்க்காலில் பாயும் நீரின் பெரும்பகுதி, வழியிலேயே மண்ணுள் இறங்கியும் வெயிலில் ஆவியாகியும் கழிகின்றது. எஞ்சிய நீரும் பயிருக்கும் களைக்கும் ஒப்பப் பாய்கின்றது. சொட்டுநீர் முறையிலோ, வடிகட்டப்பெற்ற நீர் குழாய்களின் வழியே சென்று, செடியின் வேரடியில் மணிக்கு 4 இலிட்டர், 8 இலிட்டர் என அளவாகச் சொட்டுகின்றது. நீரிற் கரையும் உரத்தையும் அதனோடே செலுத்தலாம். வேர்ப்பகுதி மட்டுமே நனைதலால் களை குறைகின்றது. களையெடுக்கும் கூலியும் குறைகின்றது. தென்னை, வாழை, கரும்பு, மஞ்சள் ஆகியவற்றுக்கு இம்முறை பொருந்துதல் கண்கூடு.

"நன்றுதான், ஆனால் விலை மிகுதியாயிற்றே!" என்பர். எதனோடு ஒப்பிட்டு மிகுதி என்கின்றோம்? கொங்கு நாட்டில் கிணறு வற்றிய உழவன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றான். ஆயிரம் அடிக்குங் கீழே துளையிட்டும் புழுதியே மேல்வந்த நிலங்கள் பல. நீர் வரவில்லை, துளையிட வாங்கிய கடன் மட்டும் நின்றது. அடுத்த ஆண்டு வேறோர் இடத்தில் மீண்டும் துளையிடுகின்றான். இச்செலவை எவரும் பெருஞ்செலவென்று பழிப்பதில்லை. பழகிவிட்டமையால் அது செலவாகவே தோன்றுவதில்லை! உழவர்க்கு மின்னாற்றல் விலையின்றி வழங்கப்படுதலால், இறைக்கும் நீருக்கும் விலையில்லை என்னும் மயக்கமும் உடன்சேர்ந்தது. நிலத்தடி நீரோ எந்தக் கணக்கேட்டிலும் ஏறாமலே கீழிறங்கிக் கொண்டிருக்கின்றது. கருவியை வாங்கும் செலவைக் கணக்கிடுவோர், வாங்காமையால் நேரும் செலவையும் கணக்கிட வேண்டாவா?

மேலும், ஒரு நுட்பத்தின் விலை என்றும் மாறாது நிற்பதும் அன்று. மேகாலயத்தின் காசி, செயிந்தியா மலைகளில் வாழும் பழங்குடியினர், 200 ஆண்டுகளுக்கும் மேலாக மூங்கிற் குழாய்களால் ஓடைநீரைக் கொணர்ந்து, வெற்றிலை, மிளகுக் கொடிகளின் வேரிற் சொட்டவிட்டு வருகின்றனர். தலைப்பில் நிமையத்துக்கு 18 முதல் 20 இலிட்டர் வரை புகும் நீர், கொடியின் அடியில் நிமையத்துக்கு 20 முதல் 80 துளிகளாகவே விழுகின்றது. அவர்க்கு மூங்கிலே முதல்! நெகிழிக் குழாய் முறையை இசுரேல் நாட்டில் சிம்கா பிளாசு என்னும் பொறியாளர் உருவாக்க, அட்செரிம் என்னும் பாலைநிலக் கூட்டுப்பண்ணையினர் 1965இல் அதனைத் தம் தொழிலாக மேற்கொண்டனர்.

அந்நெகிழி முறையும் எளியவர் கையில் மலிவாயிற்று. 1990களின் இறுதியில், மத்தியப்பிரதேசம், மகாராட்டிரம் ஆகிய பகுதிகளின் பருத்தி உழவர், சிறுவர்க்கு விற்கும் குளிர்ச்சாற்றை அடைக்கும் மெல்லிய நெகிழிக் குழலையே பாசனக் குழாயாக்கினர். அச்சாற்றின் பெயராலேயே அதனைப் 'பெப்சி' என்றழைத்தனர். அக்குழல் ஓரிரு பட்டத்துக்கே உழைக்கும். ஆயினும் முதற்செலவு மிகச் சிறிது. கையிருப்புக்குள் அடங்கும் செலவில் பயனைக் கண்டறிய அது வழிதிறந்தது. ஏழை உழவன் புதுமைக்கு அஞ்சுபவன் அல்லன். மீளாக் கடனுக்கே அஞ்சுபவன் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

தமிழகத்தில், அரசு வரையறுத்த அலகு விலையில், சிறு குறு உழவர்க்கு 100 விழுக்காடும், ஏனையோர்க்கு 75 விழுக்காடும் நல்கை (மானியம்) உண்டு. அங்ஙனமாயின் கருவி எல்லா நிலங்களிலும் ஏன் ஏறவில்லை? நல்கை பெற நிலவுரிமைச் சான்றும் சிறு உழவர் சான்றும் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவன் எதனைக் காட்டுவான்? இனி, கருவி வந்தபின்னும் இடர் உண்டு. உப்புநீரால் சொட்டுவாய் அடைபடுகின்றது. எலியும் அணிலும் குழாயைக் கடிக்கின்றன. பொருத்தியவர் திரும்பி வாராவிடின், குழாய்ச் சுருள் வேலியோரம் கிடக்கின்றது. 'இது நமக்கு ஆகாது' என்னும் பேச்சு அவ்வேலியோரத்தில்தான் பிறக்கின்றது.

ஆகவே வேண்டுவன மூன்று. முதலாவது, குத்தகை உழவனும் நல்கை பெறுமாறு சான்று முறை எளிதாதல் வேண்டும். இரண்டாவது, ஊர்தோறும் ஓரிருவர்க்கேனும் பழுது பார்க்கும் பயிற்சி அளித்தல் வேண்டும். மூன்றாவது, வடிகட்டி கழுவும் முறை, அடைப்பு நீக்கும் காடிநீரின் (அமிலத்தின்) அளவு, உரங்கரைக்கும் அளவு ஆகியவை உழவனுக்கு விளங்கும் நல்ல தமிழில் எழுதப்பெற்றுக் கருவியோடு தரப்பெறல் வேண்டும். அயன்மொழித் தாளோடு கருவியைத் தருவது, அதன் ஓர் உறுப்பைக் குறைத்துத் தருவதை ஒக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மிச்சப்பட்ட நீரைக் கொண்டு மேலும் மேலும் பயிர்ப்பரப்பை விரித்தால், நிலத்தடி நீர் ஏறப்போவதில்லை. சிக்கனம் என்பது மிச்சத்தை மீத்து வைப்பதே.

செல்வர்க்கு மட்டுமே எட்டும் நுட்பத்தைப் பழித்துரைப்பது எளிது. அதனை எளியவர்க்கும் எட்டச் செய்வதே அரசின் கடன், கற்றோரின் கடன். அக்கடனை நீர் வற்றியபின் ஆற்றுவதாற் பயனில்லை. நீர் உள்ளபோதே ஆற்றுவோமாக!