புதியதா, பழையதா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

கைப்பேசி நல்லதா, கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்திய காலம் மலையேறிவிட்டது. சேர்க்கை விண்ணப்பம் முதல் தேர்வு முடிவு வரை, உதவித்தொகை முதல் தேநீர்க் கடையில் காசு கொடுப்பது வரை யாவும் அந்தக் கண்ணாடிப் பலகையின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே அந்தப் பழைய வாதத்தை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. நம்மைப் போன்ற மாணவர் ஒருவர் இருபதாயிரத்துச் சொச்சம் ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு கடை வாசலில் நிற்கும்போது எழுகின்ற வினா வேறு. சென்ற ஆண்டு வந்த, சற்றே உயர்ந்த வகைக் கைப்பேசி விலை இறங்கிக் கிடக்கிறது. இந்த ஆண்டு வந்த, சற்றே தாழ்ந்த வகை ஏறக்குறைய அதே விலைக்கு நிற்கிறது. எதை எடுப்பது?

"ஒரு வருடம் பழையதானால் என்ன, உயர்ந்த வகையை எடு" என்பார் மூத்த மாணவர். "புதிது வந்திருக்கும்போது பழையதை யாராவது வாங்குவார்களா?" என்பார் கடைக்காரர். இருவர் சொல்வதிலும் பொருள் உண்டு. ஆனால் இருவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கைப்பேசிக்கு இன்னும் எத்தனை ஆண்டுக் காவல் மீதம் இருக்கிறது என்பதே அது. அதைக் கேட்டுவிட்டால் விடை பெரும்பாலும் தானே வந்துவிடும் என்பது என் கருத்து.

இதில் அப்படி என்ன பெரிய சிக்கல் என்று வசதி படைத்தோர் கேட்கலாம். அவர்களுக்குச் சிக்கல் இல்லைதான். பிடிக்காவிட்டால் அடுத்த தீபாவளிக்கு மாற்றிக்கொள்வார்கள். அரசு கலைக் கல்லூரியில் பயிலும் நம் நிலை அதுவன்று. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் வாயிலாக, அரசுப் பள்ளியில் படித்து வந்த என் போன்ற மாணவியர் மாதம் ஆயிரம் ரூபாய் பெற்று வந்தோம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் மாணவர்களுக்கும் அதே தொகையைக் கொண்டுவந்தது. அந்த ஆயிரத்தில் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால், இருபத்திரண்டாயிரம் ரூபாய்க் கைப்பேசிக்கு இருபத்திரண்டு மாதங்கள் ஆகும். மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! தவணையில் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். வட்டியில்லாத் தவணை என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். கீழே செயலாக்கக் கட்டணம் என்றொரு வால் தொங்கும்.

பொத்தாம் பொதுவாகப் பேசினால் விளங்காது. உண்மையான இணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாம்சங் நிறுவனம் 2024 மார்ச்சில் கேலக்ஸி ஏ35 என்னும் கைப்பேசியை இந்தியாவில் 30,999 ரூபாய்க்கு வெளியிட்டது. 2025 மார்ச்சில் கேலக்ஸி ஏ26 வந்தது. தொடக்க விலை 24,999 ரூபாய். இரண்டிலும் 8 ஜிபி நினைவகம், 128 ஜிபி சேமிப்பிடம். எண்ணைப் பார்த்தாலே முன்னது ஒரு படி மேல், பின்னது ஒரு படி கீழ் என்பது விளங்கும். புதியன வந்தவுடன் பழையவற்றின் விலை இறங்குவது கடைத்தெரு இயல்பு. ஏ35 அவ்வாறே இறங்கி, ஏ26 இன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு உள்ளே பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். இரண்டையும் இயக்கும் மூளையாகிய சில்லு ஒன்றே! எக்ஸினோஸ் 1380 என்பது அதன் பெயர். 2023 இல் ஏ54 என்னும் கைப்பேசியில் வந்த அதே சில்லு, 2024 இல் ஏ35 க்குக் குடிபெயர்ந்து, 2025 இல் ஏ26 க்கும் வந்து சேர்ந்தது. ஆக, புத்தம் புதியது என்று விற்கப்பட்டதன் மூளையும், உயர்ந்த வகை என்று போற்றப்பட்டதன் மூளையும் ஒன்றுதான். மின்கலம் இரண்டிலும் 5000 மில்லி ஆம்பியர் மணி. மின்னேற்றும் வேகம் இரண்டிலும் 25 வாட். முதன்மைக் கேமரா இரண்டிலும் 50 மெகாபிக்சல். நீர், தூசி புகாத ஐபி67 தரம் இரண்டிற்கும் உண்டு. மின்னேற்றி பெட்டிக்குள் இல்லை, தனியே காசு கொடுத்து வாங்கிக்கொள் என்பதிலும் அண்ணன் தம்பிக்குள் அப்படி ஓர் ஒற்றுமை!

வேற்றுமைகளும் உண்டு. ஏ35 இல் திரையின் மீதே விரலை வைத்துத் திறக்கலாம். ஏ26 இல் பக்கவாட்டுப் பொத்தானில் வைக்க வேண்டும். முன்பக்கக் கேமரா முன்னதில் சிறு துளைக்குள் இருக்கிறது. பின்னதில் திரையின் உச்சியில் ஒரு பள்ளம். பூவையும் பூச்சியையும் அருகிலிருந்து படமெடுக்கும் கேமரா முன்னதில் 5 மெகாபிக்சல், பின்னதில் 2. அந்தப் பள்ளத்தைக் கண்டு மூக்கைச் சுளிக்கும் தோழியர் எனக்கு உண்டு. வாங்கிய மூன்றாம் நாள் அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை என்பதுதான் நான் கண்டது.

பெரிய வேற்றுமை பெட்டியின் மேல் எழுதப்படாதது. ஏ35 க்கு நான்கு இயங்குதள மேம்பாடுகளும் ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களும் தருவதாக நிறுவனம் அறிவித்தது. ஏ26 க்கோ ஆறு மேம்பாடுகளும் ஆறாண்டுத் திருத்தங்களும் அறிவிக்கப்பட்டன. ஐந்துக்கும் ஆறுக்கும் ஓர் ஆண்டுதானே வேறுபாடு என்று தோன்றும். அங்கேதான் கவனிக்க வேண்டும். பழுதுக்கான ஓராண்டு உத்தரவாதம் நாம் பணம் கட்டிய நாளில் தொடங்குகிறது. பாதுகாப்புத் திருத்தங்களின் கெடுவோ, அந்த வகை முதன்முதலாக வெளியான நாளிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது! கடை அலமாரியில் தூசி படிந்து கிடந்த மாதங்களும் நம் கணக்கில்தான் கழிகின்றன. ஏ35 இன் ஐந்தாண்டு 2029 மார்ச்சோடு முடிகிறது. ஏ26 இன் ஆறாண்டு 2031 மார்ச் வரை ஓடுகிறது. ஓர் ஆண்டு போல் தோன்றியது இரண்டு ஆண்டாகிவிட்டது.

பொருளியல் மாணவி என்ற முறையில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2026 இன் தொடக்கத்தில் வாங்குகிறோம்; பழையது 18,000 ரூபாய், புதியது 22,000 ரூபாய் என்று கணக்கிற்காகக் கொள்வோம். பழையதற்கு மீதம் மூன்றாண்டு. ஆண்டுக்கு 6,000 ரூபாய். புதியதற்கு மீதம் ஐந்தாண்டு. ஆண்டுக்கு 4,400 ரூபாய். மலிவு என்று நினைத்தது மலிவன்று. ஏ35 இந்தக் கணக்கில் ஏ26 க்குச் சமமாக வேண்டுமானால் அது 13,200 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். அந்த விலைக்குக் கீழே இறங்கினால் தாராளமாகப் பழையதை வாங்குங்கள். நானே துணைக்கு வருகிறேன். நான்காயிரம் தள்ளுபடி என்றவுடன் துள்ளிக் குதிப்பதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்ய ஒரு பேருந்துச் சீட்டின் பின்புறம் போதும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதுவும் வலுவான மறுப்பு. திருத்தம் நின்றுபோனால் கைப்பேசி நின்றுபோகுமா? போகாது. 2013 இல் வந்த ஆண்ட்ராய்டு கிட்கேட் கைப்பேசிகளில் வாட்ஸப் 2024 இன் இறுதி வரை இயங்கியது. 2025 சனவரி முதல் நாளில்தான் கைவிடப்பட்டது. பதினோராண்டு! அப்படியிருக்க, திருத்தத்தின் கெடு முடிந்த பின்னும் நிம்மதியாகப் பயன்படுத்தலாமே என்பது அவர்கள் வாதம். பாடல் கேட்பதற்கும், பாடக் குறிப்பைப் படம் பிடிப்பதற்கும் பயன்படுத்தலாம்தான். ஆனால் நம் வீடுகளில் ஒரு கைப்பேசியின் வாழ்க்கை எப்படிச் செல்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் இல்லங்களில் கைப்பேசிக்கு எளிதில் சாவு வருவதில்லை. கல்லூரி செல்லும் பிள்ளை கையில் அது மூன்றாண்டு இருக்கும். வேலை கிடைத்து அவன் வேறொன்று வாங்கியதும் அது அம்மாவிடம் போகும். பிறகு தங்கையிடமோ, தாத்தாவிடமோ போகும். காவல் உள்ள ஆண்டுகளை விவரம் தெரிந்த பிள்ளை அனுபவித்து விடுகிறான். காவல் இல்லாத ஆண்டுகள் விவரம் தெரியாத அம்மாவின் பங்குக்கு வருகின்றன! அந்த அம்மாவின் வங்கிக் கணக்கில்தான் நூறு நாள் வேலைக் கூலி வந்து விழுகிறது. குழுக் கடனுக்குக் கட்ட வேண்டிய பணமும் இருக்கிறது. கணக்கோடு இணைந்த எண் அந்தக் கைப்பேசிக்குள் இருக்கிறது. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸப்பில் வரும் போலிச் செயலியை அவர் திறந்துவிட்டால் என்ன ஆகும்?

தொலைபேசியில் அழைத்து இரகசிய எண்ணைக் கேட்பவனிடம் அதைச் சொல்லிவிட்டால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அதற்கு 1930 என்னும் உதவி எண்ணை உடனே அழைப்பதுதான் வழி. ஆனால் எல்லாத் திருட்டும் அந்த வகையல்ல. 2022 இல் வந்த ஆண்ட்ராய்டு 13 இலிருந்து, வெளியிலிருந்து இறக்கிய செயலிகள் திரையைப் படிக்கும் அனுமதியை எளிதில் பெறாதபடி ஒரு தாழ்ப்பாள் போடப்பட்டது. திருடர்கள் அதற்கும் வழி தேடுகிறார்கள். அடுத்தடுத்து வரும் இயங்குதளங்கள் தாழ்ப்பாளை மாற்றுகின்றன. ஏ35 இன் நான்கு மேம்பாடுகள் ஆண்ட்ராய்டு 18 உடன் நின்றுவிடும். ஏ26 க்கு 21 வரை வர வேண்டும். அந்த மூன்று படிகள் கைப்பேசி அம்மாவின் கையில் இருக்கும் காலத்தில் வருபவை.

எப்போதும் புதியதே நன்று என்று நான் கூறுவதாக யாரும் கொள்ளற்க. அதே நிறுவனத்தின் ஏ55 (2024), ஏ36 (2025) என்னும் இணையில் நிலைமை வேறு. அங்கே பழையதன் சில்லு வலியது, முன்பக்கக் கேமரா 32 மெகாபிக்சல், உலோகச் சட்டம், நினைவக அட்டை செருக இடமும் உண்டு. புதியதில் முன்பக்கக் கேமரா 12 மெகாபிக்சல்தான். அட்டைக்கு இடமே இல்லை. குறும்படம் எடுத்து, அதைக் கைப்பேசியிலேயே வெட்டி ஒட்டும் காட்சித் தொடர்பியல் மாணவர் ஒருவர், இரண்டாண்டுக் காவலை விட்டுக்கொடுத்து ஏ55 ஐ எடுத்தால் நான் குறை கூற மாட்டேன். அவருக்கு அது தொழிற்கருவி. நம்மில் பெரும்பாலோர்க்கு அது குடும்பப் பாத்திரம். ஒருவர் உண்டபின் மற்றவர் உண்ண வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்கட் பொட்டலத்தில் கெடு நாள் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டு ரூபாய் மாத்திரையிலும் இருக்கிறது. இருபதாயிரம் ரூபாய்க் கைப்பேசியின் பெட்டியில் தயாரித்த மாதம் இருக்கிறது, விலை இருக்கிறது. காவல் முடியும் மாதம் மட்டும் இல்லை! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்துள்ளது. ஒரு வகையின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டு மேம்பாடுகள் கிடைக்க வேண்டும். மின்கலம் 800 முறை ஏற்றி இறக்கிய பின்னும் ஐந்தில் நான்கு பங்கு கொள்ளளவைத் தாங்க வேண்டும் என்கிறது அவ்விதி. வெளியான நாளிலிருந்து அன்று, விற்று முடித்த நாளிலிருந்து என்பதைக் கவனிக்கவும். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அதற்கென இணையதளமும் திறந்தது. பெட்டியின் மேல் ஒரு வரி அச்சிடச் செய்வது அதைவிடச் சிறிய வேலைதானே?

அந்த வரி வரும்வரை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கடைக்காரரிடம் இது எந்த மாதம் வெளியானது, எத்தனை ஆண்டுத் திருத்தம் என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. தெரியாததற்கு அவரைக் கோபித்துப் பயனில்லை. நிறுவனத்தின் தளத்தில் அறிவிப்பு இருக்கும். கூடவே, ஓராண்டாகப் பெட்டிக்குள் உறங்கிய மின்கலம் உறக்கத்திலும் சிறிது மூப்படையும் என்பதையும் நினைவில் வைத்து விலை பேசுங்கள்.

நான் 2026 பொங்கலுக்கு முன் ஏ26 தான் வாங்கினேன். என் தங்கை இப்போது எட்டாம் வகுப்பு. 2031 மார்ச்சில் அவள் கல்லூரியில் முதலாண்டை முடித்துக்கொண்டிருப்பாள். அதுவரை அது அம்மாவிடம் இருக்கும் என்பது வீட்டில் பேசி வைத்த ஏற்பாடு. அம்மா இப்போதே இரண்டு முறை பக்கவாட்டுப் பொத்தானில் விரலை வைத்துப் பார்த்தார். களையெடுத்துத் தேய்ந்த விரலின் ரேகை அதற்குப் பிடிபடவில்லை. ஆகையால் நான்கு எண் பூட்டு ஒன்றை வைத்துக் கொடுத்திருக்கிறேன். எண்ணை அவரே தேர்ந்தெடுத்தார், எங்களிடம்கூடச் சொல்லவில்லை.