லேப்டாப்புக்கு இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி லினக்ஸைப் பாருங்க

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திடுச்சு. அதிலிருந்து ராஜபாளையம் மில் ஆபீஸ்கள்ல வேலை பாக்கிற பசங்க என்கிட்ட கேக்கிறது ஒண்ணுதான்: "சார், நோ காஸ்ட் இஎம்ஐ-ல புதுசு எடுத்துடலாமா?"

முதல்ல அந்த "நோ காஸ்ட்". வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி கார்டு ஸ்டேட்மென்ட்ல வரும். பிராசசிங் கட்டணம் தனி. 45,000 ரூபாய் லேப்டாப்னா மாசம் 3,750, ஒரு வருஷத்துக்கு. எதுக்காக? நல்லா ஓடுற மெஷின்ல டிபிஎம் 2.0 இல்லாததால விண்டோஸ் 11 ஏறாதாம். அதுக்காக!

லினக்ஸ் உங்களுக்குப் புதுசும் இல்ல. 2011-ல தொடங்கின அரசு இலவச லேப்டாப் வாங்கினவங்களுக்குத் தெரியும், விண்டோஸோட பாஸ் லினக்ஸும் அதுல இருந்துச்சு. சி-டாக் உருவாக்கினது, டெபியன் அடிப்படை. பெரும்பாலானவங்க அதைத் தொடவே இல்ல. சாஃப்ட்வேர் மோசம்னு இல்லங்க, மாட்டிக்கிட்டா கேக்க ஊர்ல ஆள் இல்ல.

அதனால டிஸ்ட்ரோ தேர்வுக்கு என்னோட அளவுகோல் அழகு இல்ல. சிக்கல்னு கூகுள்ல தேடினா பதில் கிடைக்கணும், அப்டேட் பல வருஷம் வரணும். இந்த ரெண்டுக்கும் லினக்ஸ் மின்ட் 22 போதும். உபுண்டு 24.04 மேல கட்டினது, 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தா எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு எடுங்க. மாசத்துக்கு ஒரு டிஸ்ட்ரோ மாத்துறது, என்எஃப்ஓ வரும்போதெல்லாம் ஃபண்ட் மாத்துற கதைதான். நேரம் போகும், பலன் வராது.

முதல்ல பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாருங்க. வைஃபை, பிரின்டர், சவுண்ட் மூணும் வேலை செஞ்சா பேக்கப் எடுத்துட்டு இன்ஸ்டால் பண்ணுங்க. ஃபார்ம் 16, பழைய ஐடிஆர் பிடிஎஃப் எல்லாம் பேக்கப்ல இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துக்குங்க. ஆபீஸ் கொடுத்த லேப்டாப்ல இதைச் செய்யாதீங்க, ஐடி டீம் சும்மா விடாது.

யாருக்கு ஒத்து வராது? டேலிதான் சோறு போடுதுன்னா விண்டோஸ்லயே இருங்க. மேக்ரோ நிறைஞ்ச எக்ஸெல் ஃபைலும் லிப்ரே ஆபீஸ்ல தடுமாறும். சம்பளக்காரங்களுக்கு அந்தக் கவலை குறைவு. ஐடிஆர்-1, நெட் பேங்கிங், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாமே பிரவுசர்லயே முடிஞ்சிடும்.

இன்னும் ஒண்ணு. மின்ட் பெரும்பாலும் நன்கொடையிலயும் ஸ்பான்சர்கள் காசுலயும்தான் ஓடுது. ஒரு மாச இஎம்ஐ-ல பத்துல ஒரு பங்கு, 375 ரூபாய், அனுப்பினா குறைஞ்சிடாது. காசு வேண்டாம்னா, மெனுவுல தமிழ் தப்பா இருக்கிற இடத்தைத் திருத்தி அனுப்புங்க, பிழை கண்டா ரிப்போர்ட் பண்ணுங்க. தமிழ்99 விசைப்பலகை இருக்கிற சிஸ்டத்துல மொழிபெயர்ப்பு மட்டும் அரைகுறையா கிடக்கிறது எனக்குப் பிடிக்கல.

80ஜி கிடைக்குமான்னு கேக்காதீங்க. கிடைக்காது.